நீளம் பத்தாத பட்டு

அம்மாவின் உடலை எடுத்துப்போக வந்த மலர்ச்சாலை வேன்காரர் இரண்டாம் தடவை ஹோர்ன் அடித்தார். ஜெஸ்மின் திறந்த அலுமாரிக்கு முன்னால் நின்றது நின்றபடியே இருந்தாள். ஒரு கையில் பட்டு. மற்றக் கையில் ஊதாக் கரை போட்ட பருத்திச் சேலை.

"மிஸ், அம்மாவ ஏத்தியாச்சு. உடுப்பு தந்தா போயிரலாம்," என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார் அவர். "சேலை, ஜாக்கெட், செபமாலை. வேற ஒன்னும் வேணாம்."

"இந்தா வர்றேன்."

அம்மா கேட்டது பட்டைத்தான். அதில் சந்தேகமே இல்லை.

தங்கச்சி சுவர்ணா கம்போடியாவுக்கு வேலைக்குப் போன புதிதில், முதல் சம்பளத்தில் புனோம் பென் சந்தையில் வாங்கி அனுப்பிய பட்டு அது. பொன் நிறம், ஓரமெல்லாம் பொடிக்கட்டம். பார்சலைப் பிரித்த அன்றே ஜெஸ்மின் அதை விரித்து முழம் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். சேலை நீளம் இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற துணி. துணியைத் தொட்டுத் தொட்டே பிழைக்கிற கார்மென்ட்காரி, அளவு கேட்காமல் வாங்கியிருக்கிறாள்! அந்தச் சிரிப்பு ஜெஸ்மினுக்கு ரொம்ப நாளைக்கு வந்தது.

"இத கட்டினா பாதி ஆளுக்குத்தாம்மா வரும். முந்தானைக்கு என்னா செய்வீங்க, பெட்ஷீட்ட ஒட்டுப் போடுவீங்களா?"

அம்மா மதலேனா கோபப்படவில்லை. வாதத்தில் விழுந்த வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பட்டை ஒரு தரம் தடவினாள்.

"நிக்கிறவளுக்குத்தானே பத்தாது. படுத்திருக்கிறவளுக்குப் பத்தும்ல? நான் போற அன்னைக்கு இத போட்டு விடு."

அதன் பிறகு வீட்டுக்கு வந்த யாரும் அந்தப் பட்டைப் பார்க்காமல் போனதில்லை. "எம் மவ அனுப்பினது," என்பாள் மதலேனா. எம் மவ. பக்கத்தில் தேத்தண்ணித் தட்டோடு நிற்கிறவள் யாராம்?

ஜெஸ்மின் பட்டை அலுமாரியின் அடித்தட்டில் பழைய பெட்ஷீட்டுகளுக்குக் கீழே திணித்துச் சாவியைத் திருப்பினாள். பருத்திச் சேலையை, அதற்கென்று தானே தைத்திருந்த ஜாக்கெட்டோடு பையில் போட்டு வேன்காரரிடம் கொடுத்தாள். அது அவளுடைய சொந்தச் சேலை. போன நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்தது. ஒரே ஒரு பூசைக்குத்தான் கட்டியிருந்தாள்.

வேன் அம்பிட்டிய இறக்கத்தில் திரும்பி மறைந்தது. அழுகை வரவில்லை. எதிலோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. சீ, என்ன மனுசி நான் என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடி அவள் மெனக்கெட்டதில்லை. ஒரே கார்மென்ட் ஃபேக்டரியில் அக்கா லைன் சூப்பர்வைசர், தங்கச்சி மெஷின்காரி. புனோம் பென்னில் புதிதாகத் திறந்த ஃபேக்டரிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் முதலில் கூப்பிட்டது ஜெஸ்மினைத்தான். பயணப் பெட்டி கூட வாங்கிவிட்டாள். அந்த மாதம்தான் அம்மா வாதம் வந்து கிணற்றடியில் விழுந்தாள். யாராவது ஒருத்தி இருக்க வேண்டும். "ரெண்டு வருசம் நான் போறேங்க்கா. பொறகு நான் வந்து அம்மாவப் பாத்துக்கிறேன், நீ போ," என்றாள் சுவர்ணா. அக்காவின் பெட்டியைத்தான் எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த இரண்டு வருசம் இன்னும் முடியவில்லை. சுவர்ணா இப்போது அங்கே முழு ஃபேக்டரிக்கும் புரொடக்சன் மேனேஜர். போனில் ஆற்றங்கரையைக் காட்டுவாள், பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடுகிற மோட்டார் சைக்கிள் வண்டியைக் காட்டுவாள், மிளகாய்த்தூள் தொட்டுத் தின்கிற மாங்காயைக் காட்டுவாள். ஜெஸ்மின் அந்த ஊருக்குப் போகாமலேயே அதன் தெருக்களை மனப்பாடமாக வைத்திருந்தாள். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போதும், முதுகு துடைக்கும்போதும், பக்கத்து வீடுகளுக்கு ஜாக்கெட் தைக்கும்போதும் அந்தத் தெருக்களில் நடந்துகொண்டிருப்பாள். அங்கே அவளைத்தான் எல்லோரும் மேடம் என்பார்கள்.

சாயங்காலம் சவப்பெட்டி வீட்டுக்கு வந்தது. கெடாமலிருக்க மருந்து ஏற்றிய அம்மாவின் முகம் கொஞ்சம் உப்பி, வயது குறைந்து தெரிந்தது. ஊதாக் கரை நெஞ்சின் குறுக்கே ஒழுங்காக மடித்து விடப்பட்டிருந்தது. தெல்தோட்டையிலிருந்து வந்த மத்தியூ மாமா, அம்மாவின் தம்பி, பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"சீலை ரொம்ப சாதாரணமா இருக்கே புள்ள. நம்ம சுவர்ணா அனுப்பின பட்டு ஒன்னு இருந்திச்சே? அக்கா எனக்குக் கூடக் காட்டினாங்களே?"

"அது நீளம் பத்தாது மாமா."

"அப்பிடியா," என்றார். ஆண்பிள்ளைக்குத் துணி நீளம் என்ன தெரியும். "சரி, அடக்கத்த வியாழக்கிழமைக்கு வச்சுக்கலாம். ஃபாதர்கிட்ட பேசிட்டேன். சுவர்ணா வந்து மொகம் பாக்காம எப்பிடி மூடுறது?"

யார் வந்தாலும் அதே கேள்வி. சுவர்ணா வந்துட்டாளா? எங்க ஏறி எங்க எறங்குறா? பேங்கொக்ல எவ்வளவு நேரம் நிக்கணுமாம்? அடுத்த வீட்டு கைரியா ராத்தா பெரிய கேத்தல் நிறைய பிளேன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜெஸ்மினின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒங்கட தங்கச்சி பாவம். உம்மா மவுத்தான செய்தியக் கேட்டுட்டு அவ்வளவு தூரம் தனிய வரோணும். அல்லாஹ்தான் அவவுக்கு மனத்தைரியத்தக் குடுக்கோணும்."

"ஆமா ராத்தா, பாவம்," என்றாள் ஜெஸ்மின்.

குசினி அடுப்படியிலிருந்து அம்மாவின் கட்டிலுக்கு எவ்வளவு தூரம் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அதை நடந்தவளைப் பாவம் என்று சொன்னதுமில்லை. எங்காவது ஃப்ளைட் தவறிப்போனால் நல்லது என்று நினைத்தாள். மழை பெய்து, ஏர்போட்டிலிருந்து வருகிற ரோடு கடுகண்ணாவையில் அடைத்துக்கொண்டாலும் சரிதான். மூன்று மணிக்குப் பெட்டியை மூடட்டும், அவள் நான்கு மணிக்கு வந்து ஆட்கள் எழுந்துபோன வெறும் கதிரைகளைப் பார்க்கட்டும். செபமாலை சொல்லிக்கொண்டே இதை நினைத்தாள். அருள் நிறைந்த மரியாயே என்று வாய் சொன்னது. மனம் கடுகண்ணாவையிலேயே நின்றது.

மழை பெய்யவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் சாவு வீட்டு வெள்ளைக்கொடிகளுக்கு நடுவில் டாக்ஸி வந்து நின்றது.

சுவர்ணா மெலிந்திருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. அவள் படியேறியதும் வீடு முழுவதும் ஒரே ஓலம் எழுந்தது. இரண்டு நாளாக ஜெஸ்மினைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள், அப்போது கொட்டாவி விட்டவர்கள், இப்போது மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அதையும் ஜெஸ்மின் பார்த்து வைத்தாள்.

சுவர்ணா பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். அழுது முடித்து, அம்மாவின் நெஞ்சில் கிடந்த கரையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். துணிக்காரியின் கை.

"அக்கா, இது ஒன் சீலைல்ல? நத்தாருக்குக் கட்டியிருந்தியே. போன்ல பாத்தேன்."

ஜெஸ்மின் அலுமாரி இருந்த அறைப் பக்கம் பார்த்தாள். பட்டு எங்கே என்று கேட்கப்போகிறாள். எல்லோர் முன்னாலும் கேட்கப்போகிறாள்.

சுவர்ணா கேட்கவில்லை. கரையை விட்டுவிட்டு எழுந்து, விறுவிறென்று குசினிப் பக்கம் போய்விட்டாள்.

ஜெஸ்மின் பின்னாலேயே போனாள். கழுவாத கோப்பைகளுக்கு நடுவில் சுவரைப் பார்த்தபடி நின்றாள் சுவர்ணா.

"ஒனக்கென்னாக்கா," என்றாள் திரும்பாமலே. "கடைசி மட்டும் கூட இருந்த. இப்ப ஒன் சீலையக் கட்டிக்கிட்டுப் போறாங்க. ஒனக்கென்னா."

"ஒனக்கென்னாவா?" ஜெஸ்மினின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "எவடி அது ஒனக்கென்னாங்கிறது? ரெண்டு வருசம்னு சொல்லிட்டு எம் பெட்டியத் தூக்கிட்டுப் போனவ நீ. நான் போயிருக்க வேண்டிய ஊரு அது. ஒனக்கு மேடம், எனக்கு மூத்திரத் துணி. அப்பவும் அம்மா வாயில யாரு? சுவர்ணா, சுவர்ணா, சுவர்ணா. வயித்தெரிச்சலா இருக்குடி எனக்கு. இன்னைக்கும் இருக்கு. நீ வராமப் போகணும்னு நெனச்சேன், தெரியுமா?"

சொல்லிவிட்டாள். முன்னறையில் பெண்கள் பாடிக்கொண்டிருந்த செபப் பாட்டு நின்றிருந்தது. யாருக்காவது கேட்டிருக்கலாம். கேட்டால் கேட்கட்டும்.

சுவர்ணா இப்போது திரும்பினாள். கோபப்படுவாள் என்று ஜெஸ்மின் எதிர்பார்த்தாள்.

"என்னப் பத்திப் பேசுனாங்களா?"

"பின்ன? நாள் முழுக்க."

"எங்கிட்ட ஆற அமர ஒரு வார்த்தை பேசலக்கா." சுவர்ணா மூக்கை உறிஞ்சினாள். "ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போன் எடுப்பேன்ல. சாப்டியாம்பாங்க, ஒடம்பு எப்பிடிம்பாங்க. அதுக்குள்ள ஒன் செருப்புச் சத்தம் கேட்டிரும். 'இரு, அக்கா கஞ்சி கொண்டாந்துட்டா, வச்சிர்றேன்'னு போன வச்சிருவாங்க. நான் அங்க பெட்ல ஒக்காந்து வெறும் போனப் பாத்துக்கிட்டிருப்பேன். ஒன் சத்தம் கேட்டா நான் ஒருத்தி இருக்கிறதே மறந்திரும் அவங்களுக்கு. நீ கெட்ட கேடுன்னு ஒன்னத் திட்டுவேன். அப்பிடி எரியும் எனக்கு."

"பொய் சொல்லாத."

"அம்மா அந்தா கெடக்குறாங்க. இப்பப் பொய் சொல்வேனா?"

அந்த முகத்தை ஜெஸ்மினுக்கு நன்றாகத் தெரியும். உதடு ஒரு பக்கமாக இறுகி, மூக்கு விடைத்து, கண் அடுத்தவள் கையிலிருப்பதையே பார்க்கிற முகம். அலுமாரிக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம். அது தங்கச்சி மேலும் ஒட்டியிருக்கும் என்று அவள் ஒரு நாளும் நினைக்கவில்லை. சந்தோசமாகக் கூட இருந்தது, கடவுளே மன்னிச்சிரு. அவள் மேனேஜராக இருக்கும் ஊரில், ஆற்றங்கரைப் பக்கத்தில், கட்டிலில் உட்கார்ந்து இந்த அக்காவை நினைத்து எரிந்திருக்கிறாள்.

"எல்லாரும் வாங்க," என்று மத்தியூ மாமா முன்னறையிலிருந்து கூப்பிட்டார். "ஃபாதர் வந்துட்டாரு. எல்லாரும் முத்தம் குடுத்து முத்தி செஞ்சிட்டு மூடுவோம்."

சுவர்ணா முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள். ஜெஸ்மின் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தாள். பெட்ஷீட்டுகளை இழுத்துப் போட்டாள்.

அவள் பட்டோடு வெளியே வந்தபோது மூடியை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்க. இத மறந்துட்டேன்," என்றாள்.

மாமா பட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீளம் பத்தாதுன்னியே?"

ஜெஸ்மின் பெட்டியருகே போய்ப் பட்டின் மடிப்பைப் பிரித்தாள். சுவர்ணா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இந்த வீட்டில் மருந்து நேரத்திலிருந்து மண்ணெண்ணெய் வரை எதையும் மறக்காதவள் அக்கா என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

"அம்மா கேட்டது," என்றாள் ஜெஸ்மின் மெல்ல. "இதப் போட்டுத்தான் அனுப்பச் சொன்னாங்க. வா, அந்தப் பக்கம் பிடி."

சுவர்ணா கால்மாட்டுக்குப் போனாள். ஜெஸ்மின் தலைமாட்டில் நின்றாள். கார்மென்டில் வெட்டும் மேசையில் துணி விரிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. அக்காவும் தங்கச்சியும் முதலில் சேர்ந்து நின்ற வேலை அதுதான். எத்தனை எண்ணி எப்போது விடவேண்டும் என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தூக்கினார்கள். பட்டு காற்றை வாங்கி ஒரு தரம் உப்பியது. பிறகு சுருக்கமில்லாமல் அம்மாவின் மேல் இறங்கியது, ஊதாக் கரையின் மேல், செபமாலை சுற்றிய கைகளின் மேல்.

ஜெஸ்மின் கழுத்தடியில் நேராக்கினாள். கீழே இழுத்து விடும்படி தங்கச்சிக்குத் தலையசைத்தாள்.

"பத்துதா?" என்றாள்.

சுவர்ணா கால்மாட்டில் குனிந்து பார்த்தாள். பட்டு பாதத்தையும் தாண்டி மிச்சம் கிடந்தது. அதை மடித்து, கால் குளிராத மாதிரி, அம்மாவின் குதிகால்களுக்கு அடியில் செருகினாள்.

"பத்துதுக்கா."