இருபத்து நான்கு நாள் இறங்கிய வீடு

தான் உண்டாகியிருப்பது முஃபீதாவுக்குத் தெரியவந்த மறுநாள் காலை, அவள் வீடு இரண்டு விரற்கடை தரைக்குள் இறங்கியிருந்தது. மேலப்பாளையத்தில் எங்கள் தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. ஆனாலும் இரு பக்கத்து வீடுகளிலும் ஒரு கீறல்கூட விழவில்லை. மேசையின் இழுப்பறை உள்ளே போவதுபோல அந்த வீடு மட்டும் கீழே போயிற்று. அடுத்த வீட்டுக்காரர் அலி அஸ்கர் மாடிக்கு ஏறியபோது, தன் வீட்டுச் சுவரில் அதுவரை யாரும் கண்டிராத பூசாத செங்கல், இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடாகத் தெரிந்தது. பார்த்துவிட்டு இறங்கி வந்து சோப்பு போட்டுக் கைகழுவினார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

தெருவுக்கு இது புதிதில்லை. வயிற்றில் இருப்பதை வீட்டாரைத் தவிர வெளியே யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத வீடு இறங்கும். சொன்ன அன்றே ஏறிவிடும். மூன்று பிறை கழியும்வரை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்பது வழக்கம்தான். ஆனால் எந்த வீட்டிலும் பத்து நாளுக்கு மேல் யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. யாராவது ஒருத்தி தன் உம்மாவிடமோ கூடப்பிறந்த லாத்தாவிடமோ சொல்லிவிடுவாள், வீடு பழைய இடத்துக்கு வந்துவிடும். எதிர்வீட்டு ஜமீலா பீவி இரண்டாவது மகனை உண்டாகியிருந்தபோது அவள் வீடு வாசற்படி மறையும்வரை இறங்கியது, அதற்கு மேல் இறங்கிய வீடு கிடையாது. இறங்கும் வீட்டைப் பார்த்தும் பாராததுபோலக் கடந்துபோவது தெருவின் மரியாதை. அதை எவரும் மீறியதில்லை.

முஃபீதாவுக்கு இது மூன்றாவது. முதலாவதை அறிந்த அன்றே மாமியார் சுபைதா பேகம் இருபத்திரண்டு வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்தாள். ஏழாவது வாரத்தில் அது கலைந்தது. இரண்டாவதைப் பேட்டையிலிருந்த முஃபீதாவின் உம்மா வீட்டுக்கு மட்டும் சொன்னார்கள். ஒன்பதாவது வாரத்தில் அதுவும் கலைந்தது. முஃபீதாவின் கணவன் சல்மான் ஃபாரிஸ் சவூதியில், தம்மாமில், ஏசி பழுது பார்க்கும் வேலையில் இருந்தான். வருடத்துக்கு நாற்பத்தைந்து நாள் விடுப்பு. அந்த விடுப்பு முடிந்து அவன் போன பிறகுதான் நாள் தள்ளியது. அவள் மாமியாரின் பழைய பர்தாவை அணிந்துகொண்டு, பஸ் ஏறி ஜங்ஷனுக்குப் போய், அங்கே ஒரு மருந்துக்கடையில் பேர் சொல்லாமல் கைப்பேசியில் படத்தைக் காட்டிப் பரிசோதனை அட்டை வாங்கிவந்தாள். காலையில் இரண்டு கோடு விழுந்தது. சுபைதா பேகம் அந்த அட்டையைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

"இந்தத் தடவ காத்துக்கும் தெரியக் கூடாது. மூணு பிறை போவட்டும்" என்றாள். நர்சம்மாவிடம் போகக் கூடாது, ஸ்கேன் எடுக்கக் கூடாது, பீடி சுற்றுவதை நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் தெரு கண்டுபிடித்துவிடும். இரண்டாம் நாள் வீடு நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. முஃபீதா வழக்கம்போல வாசலோரம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டினாள்.

ஒன்பதாம் நாள் சுடலைவடிவு வந்தாள். எங்கள் பகுதியில் கர்ப்பிணிகளின் பேரைப் பதிந்து அரசாங்க எண் வாங்கித் தருகிற நர்ஸ் அவள். பத்தொன்பது வருடமாக இந்தத் தெருக்களில் நடப்பவள். முழங்காலளவு கீழே போய்விட்ட வாசலை எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமி, வீடு இம்புட்டு இறங்கிக் கெடக்கு?"

"வெள்ளம் வந்துச்சுல்லா. மண்ணு இளகிட்டு."

"வெள்ளம் வந்து ஆறு மாசம் ஆவுது. ஆத்துக்குள்ள நிக்க மண்டபமே அசையல. ஒங்க வீடு மட்டும் ஆற அமர யோசிச்சு இப்பம் இறங்குதாக்கும்?"

"பழைய வீடு, நர்சம்மா. வயசாயிட்டு, உக்காருது."

சுடலைவடிவுக்கும் தெருவின் மரியாதை தெரியும். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. எதிர்வாசலில் கட்டியிருந்த ஜமீலா பீவியின் ஆட்டைப் பார்த்து, உள்ளே கேட்கும்படி உரக்கப் பேசத் தொடங்கினாள்.

"ஏளா, ஒனக்குத்தான் சொல்லுதேன், கேட்டுக்க. நாள் தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்சதும் மொத காரியம் எங்கிட்ட வந்து பேரப் பதியணும். போலிக் மாத்திரை தெனம் ஒண்ணு. ரத்தம், பிரஷர், சுகர் எல்லாம் பாக்கணும். பீடித்தட்ட இன்னையோட தூக்கி ஓரமா வை, அந்தத் தூளு ஒனக்கும் ஆவாது, உள்ள கெடக்கதுக்கும் ஆவாது. முன்னால ரெண்டு கலைஞ்சிருந்தா ஆறு ஏழு வாரத்துலயே ஒரு ஸ்கேன் பாத்திரணும். புள்ள கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கா, இல்ல வழியில குழாய்லயே தங்கிட்டான்னு தெரியணும்லா? அடிவயித்துல ஒரு பக்கமா வலிச்சாலோ, தல சுத்துனாலோ, தோள்பட்ட காரணமில்லாம வலிச்சாலோ, பிறைய எண்ணிக்கிட்டு இருக்கப்பிடாது. ஓடி வந்திரணும்."

ஆடு காதை ஆட்டியது.

"ஆட்டுக்கு எதுக்கு நர்சம்மா ஸ்கேனு?" என்றாள் சுபைதா பேகம்.

"ஆடு நல்லாத்தான் கேட்டுக்கிட்டு மாமி. வேற யாரும் கேட்டாங்களான்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டு, முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்திருந்த ஜன்னல் விளிம்பில் ஒரு மாத்திரை அட்டையை வைத்துவிட்டு சுடலைவடிவு போனாள். முஃபீதா அதை எடுத்துக்கொண்டாள். மாமியார் தொழும் நேரம் பார்த்துத் தினமும் ஒன்று விழுங்கினாள்.

வீடு தினமும் இரண்டு விரற்கடை தவறாமல் இறங்கியது. உள்ளே பகலிலும் விளக்கு போட வேண்டியிருந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் அதைத் தெருவிலேயே நிறுத்திவிட்டுக் கைகொடுத்து இறக்கினார். ஏறி இறங்க ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். தெருக்குழாய்த் தண்ணீரை முஃபீதா குடம் குடமாகக் கீழே இறக்கினாள். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜமீலா பீவி மட்டும் ஒருநாள் அவள் கையிலிருந்த குடத்தை வாங்கித் தானே இறக்கிக் கொடுத்தாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் முஃபீதாவுக்கு அடிவயிற்றில் இடப்பக்கம் வலி தொடங்கியது. "மாமி, ஒரு ஸ்கேன் மட்டும் பாத்துட்டு வந்திருவோமா?" என்று கேட்டாள்.

"எங்கன போயி பாப்பே? பாளையங்கோட்டையில எந்த சென்டருக்குப் போனாலும் நம்ம தெருக்காரி ஒருத்தி வரிசையில ஒக்காந்திருப்பா."

அது உண்மைதான். பதினெட்டாம் நாள் மறுபடி கேட்டாள். இருபத்தோராம் நாள் கேட்டபோது சுபைதா பேகம் அழுதாள். இரண்டு பிள்ளைகளைத் தன் வாயே தின்றுவிட்டது என்று அவள் நம்பினாள். மூன்றாவதையாவது வாயை மூடிக் காப்பாற்றிவிடலாம் என்று இருந்தாள். அன்று மாலை முஃபீதா தம்மாமுக்குப் பேசி, வலிப்பதைச் சொன்னாள். சல்மான் ஃபாரிஸ் ஏதோ ஒரு கட்டடத்தின் மாடியில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. "உம்மா சொல்லுதத கேளு முஃபீதா. தொண்ணூறு நாளுதானே, கண்ண மூடித் தொறந்தா போயிரும்" என்றான். அவள் சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை அவளுக்குத் தோள்பட்டை வலித்தது. நான்காம் முறையாகவும் கேட்டாள். குடம் இறக்கியதால் வந்த சுளுக்கு என்று மாமியார் தேங்காயெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிட்டாள். நன்றாகத்தான் தேய்த்துவிட்டாள், அரைமணி நேரம்.

இருபத்து நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லோரும் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், அடுப்படியில் முஃபீதா விழுந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சுபைதா பேகம் முக்காலியில் ஏறித் தெருவுக்கு வந்து நின்றாள். வாசலுக்கு வாசல் பெண்கள் வந்தார்கள்.

"மருமவளுக்கு மயக்கம்" என்றாள்.

"என்ன மயக்கம்?" என்று ஜமீலா பீவி கேட்டாள்.

"வெயில் மயக்கம்."

வெயில் அந்த வீட்டுக்குள் போய்ப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. ஜமீலா பீவி நூற்றெட்டுக்குப் பேசினாள். நான்கு பெண்கள் உள்ளே இறங்கி முஃபீதாவைத் தூக்கினார்கள். பாதிக் கதவைத் தரை மறைத்திருந்தது. மீதி இடைவெளி வழியாகப் படுத்த உடம்பை மேலே கொண்டுவர முடியவில்லை. மடக்கினால் அவள் வலியில் கத்தினாள். ஜமீலா பீவி உள்ளிருந்தே சொன்னாள்:

"மாமி, வீடு இடுப்பளவு கெடக்கு. எங்க எல்லாருக்கும் தெரியும். மொத நாளுலேர்ந்தே தெரியும். ஒங்க வாயால சொல்லாம இது மேல வராது. சொல்லுங்க மாமி."

சுபைதா பேகம் வாயைத் திறந்தாள், மூடினாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முதல் குத்பா பிரசங்கம் முடிந்து, இமாம் உட்கார்ந்து, எழுந்து, இரண்டாவது குத்பாவைத் தொடங்கினார். அவ்வளவு நேரம் ஆயிற்று. பிறகு, யாருக்கும் சரியாகக் கேட்காத குரலில், "என் மருமவ உண்டாயிருக்கா" என்றாள்.

வீடு ஏறியது. நாற்பத்தெட்டு விரற்கடையும் ஒரே மூச்சில் ஏறியது. உள்ளே நின்ற பெண்களுக்குக் காது அடைத்தது; குடத்துத் தண்ணீர் தளும்பவில்லை. நூற்றெட்டு வந்தபோது வாசல் தெருவுக்கு நேராக இருந்தது. தள்ளுபடுக்கை தடையில்லாமல் உள்ளே போய்த் திரும்பியது. ஓடிவந்த சுடலைவடிவு வண்டியில் ஏறிக்கொண்டாள். ஒரு கையால் முஃபீதாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பேரைப் பதிந்தாள். முஃபீதா, வயது இருபத்தேழு, மூன்றாவது கர்ப்பம், எட்டு வாரம். எண் வந்தது. எந்நேரமும் மூடிக் கிடக்கும் குலவணிகர்புரம் ரயில்வே கேட் அன்று திறந்தே இருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் தயாராக இருந்தார்கள். இடப்பக்கக் குழாய் வெடித்து வயிறு முழுக்க ரத்தமாக இருந்தது. ஏற்றிய ரத்தம் உடம்பில் நிற்கவில்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன் அவள் மவுத்தானாள்.

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம். சல்மான் ஃபாரிஸுக்கு உடனே விமானம் கிடைக்கவில்லை. மையவாடியில் அலி அஸ்கர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் அவன் பார்த்தான். மண் தள்ளும்போது படம் இரண்டு முறை உறைந்து நின்றது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் சுபைதா பேகம், "வலின்னு ஒரு வார்த்த சொல்லலியே புள்ள" என்றாள். மகனிடமும் அதையே சொன்னாள். சல்மான் ஃபாரிஸ் தன் அறை நண்பர்களிடம், "எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லல" என்றான். அந்த வாரமே வீடு மறுபடி ஒரு விரற்கடை இறங்கியது. கர்ப்பம் இல்லாத வீடு இறங்கியது எங்கள் தெருவில் அதுவே முதல் முறை. அதன் பிறகு வாரத்துக்கு ஒரு விரற்கடை. தம்மாமில் அவனுடைய கட்டிலின் கால்கள் தரைக்குள் போய்விட்டதாகவும், மட்டமான டைல்ஸ் என்று கூட இருந்தவர்கள் திட்டியதாகவும் பிறகு கேள்விப்பட்டோம்.

சுபைதா பேகம் இப்போது தினமும் காலையில் தெருவை நடந்து பார்க்கிறாள். எந்த வீட்டு மாடியிலாவது சிவப்புக் கோடு தெரிந்தால் அங்கேயே நின்று, "இந்த வீட்டுல ஒருத்தி உண்டாயிருக்கா, நர்சம்மாவக் கூப்பிடுங்க" என்று சத்தம் போடுகிறாள். ரைஹானத்தின் மாமியார் அவள் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். அவள் அப்படிச் சத்தம் போட்ட ஷஃபீகாவுக்கு, எல்லாம் சரியாகப் பார்த்தும், கலைந்துதான் போயிற்று. அந்த வீட்டார் இவளோடு பேசுவதில்லை. ஆனாலும் வீடுகள் அன்றன்றே ஏறிவிடுகின்றன. சுடலைவடிவு இப்போது ஆட்டிடம் பேசுவதில்லை, நேராக உள்ளே போய்ப் பேரைப் பதிகிறாள்.

மறு வருடம் சல்மான் ஃபாரிஸ் விடுப்பில் வந்தபோது வீடு ஐம்பது விரற்கடைக்கு மேல் இறங்கியிருந்தது. வாசலுக்கு முன் பள்ளம் வெட்டி ஆறு படி வைத்திருந்தார்கள். அவன் பெட்டியோடு இறங்கிப் போனான். நாற்பத்தைந்து நாளும் உம்மாவும் மகனும் விளக்கு வெளிச்சத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருநாள், "உம்மா, அவ ஒங்ககிட்ட..." என்று அவன் தொடங்கினான். "டீ ஆறுது வாப்பா, குடி" என்றாள். இன்னொரு நாள், "ஒனக்கு போன்ல அவ எதும்..." என்று அவள் கேட்க வந்தாள். அவன் எழுந்து போய்க் கைப்பேசியைச் சார்ஜில் போட்டான்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் கொத்தனார் இசக்கிதுரையைக் கூட்டிவந்து, இன்னும் ஆறு படி கட்ட வேண்டும் என்றான்.

இசக்கிதுரை பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "இப்பமே தோண்டுனா மழத்தண்ணி நிக்கும், தம்பி. கல்ல மட்டும் வாங்கிப் போட்டுருங்க. இறங்க இறங்க நான் வச்சுக் குடுத்திருதேன்."

"சரி, அண்ணாச்சி" என்றான் சல்மான் ஃபாரிஸ். ஆறு கல் வாங்கி, போக வர இடைஞ்சல் இல்லாமல் சுவரோரம் அடுக்கிவைத்துவிட்டு விமானம் ஏறினான். இதுவரை இரண்டு கல் வைத்தாயிற்று.