கோடு நின்ற இடம்

புது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் தூணடியில் பூசிய சிமெண்ட் இன்னும் காயவில்லை. நேற்று அங்கே ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு இருந்தது. "புதுத் தொட்டின்னா மண்ணு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்" என்று கொத்தனார் இரண்டு இழுப்பில் மூடிவிட்டுப் போய்விட்டார். படக்காரர் கைத்தடி நுனியால் பூச்சை அழுத்திப் பார்த்தார். யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

படக்காரர் என்றால் சினிமாக்காரர் இல்லை. கரிச்சுரங்கம் ஓடிய காலத்தில், பூமிக்கடியில் எதுவரை வெட்டியிருக்கிறது என்று சங்கிலி பிடித்து அளந்து வரைபடம் போட்டவர். சுரங்கத்தை மூடி முப்பது வருடமாகியும் பெயர் விட்டபாடில்லை.

தொட்டியை ஒட்டியே மகள் வீடு. முற்றத்தில் பேரக்குழந்தைகள் இரண்டும் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தன. மருமகன்தான் ஊருக்குத் தண்ணீர் விடுகிறவர். இன்று பத்து மணிக்கு முதல் தண்ணீர் ஏற்றப்போகிறார். ஒரு லட்சம் லிட்டர், அதாவது நூறு டன். அந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து படக்காரர் தினமும் இந்தத் தூணடிக்கு வந்து பார்க்கிறார். நாலு மாதம் முன்பு எஞ்சினியர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐயா, உங்க படத்தை வச்சுத்தான் இடம் பாத்தோம். சுரங்கம் எல்லைக்கல்லோட நின்னுடுது. இந்தப் பக்கம் கெட்டி மண்ணு."

நிற்கவில்லை. அனுமதி கல்வரைக்கும்தான், ஆனால் நல்ல கரியை விட மனசு வருமா? கல்லைத் தாண்டி அறுபது அடி திருட்டுத்தனமாக வெட்டினார்கள். படத்தில் போடும் கோட்டை அந்தக் கல்லோடு நிறுத்தச் சொன்னார் மேலாளர், இவரும் நிறுத்தினார். அந்த அறுபது அடியில் வேலை பார்த்தவர்கள் நாலே பேர். ஒருநாள் கூரை சரிந்தபோது நாலு பேரும் உள்ளே இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த மீட்புக்காரர்கள் இவர் படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மூன்று நாள் தோண்டினார்கள். கோடு முடிந்த இடத்தில் தோண்டுவதையும் முடித்துக்கொண்டார்கள். மூன்று நாளும் இவர் அவர்கள் பக்கத்திலேயே நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே, ஜெயிலுக்குப் போவோமே என்று பயந்து செத்தார், சொல்லவில்லை.

அந்த நாலு பேரில் ஒருவர் மருமகனின் அப்பா. பிள்ளைகள் வளர்ந்து, ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டார்கள். தடுப்பதென்றால் காரணம் சொல்லியாக வேண்டும். இவர் வாயைத் திறக்கவில்லை.

"எதுக்குண்ணா இந்த வெயில்ல நடையா நடக்குறீங்க? வந்து உக்காருங்க." தொட்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா கூப்பிட்டாள். மகன் தண்ணீர் ஏற்றுவதைப் பார்க்க வந்திருந்தாள்.

மருமகன் வால்வுச் சக்கரத்தைத் திருப்பினார். குழாய் அதிர்ந்தது. மேலே வெறும் தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. படக்காரர் தூணடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஈரப் பூச்சின் நடுவே தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் ஓடியது. பந்து உருண்டு அந்தத் தூணில் முட்டி நின்றது. சின்னவள் எடுக்க ஓடி வந்தாள்.

"மாப்பிள்ளை, மூடுங்க."

"என்ன மாமா?"

"மூடுங்கன்னு சொல்றேன்ல. கீழ காலியா இருக்கு." சின்னவளின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

மருமகன் சிரித்தார். "உங்க படத்துலயே சுரங்கம் கல்லோட..."

"படம் பொய். நான் போட்ட பொய்."

மருமகன் சக்கரத்தை இறுக்கி மூடினார். மேலே சத்தம் நின்றது. "எதுவரைக்கும் போகுது?" என்று கேட்டார்.

படக்காரர் எல்லைக்கல்லுக்குப் போனார். அங்கிருந்து, அளந்து பழகிய காலால், எட்டுக்கு இரண்டரை அடி கணக்கில் எண்ணிக்கொண்டே நடந்து வந்தார். தொட்டி நிழலுக்குள் நுழைந்தார். இருபத்து நாலாவது எட்டு சம்பந்தியம்மாவின் நாற்காலிக்கு முன்னால் முடிந்தது.

"அப்ப எங்கப்பாவை..." மருமகன் கை சக்கரத்திலேயே இருந்தது.

"இங்க யாரும் தோண்டல, மாப்பிள்ளை."

சம்பந்தியம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள். இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து தூக்கி, நாற்காலிக்கு மேலே மடக்கி வைத்துக்கொண்டாள்.