ஞாயிற்றுக்கிழமை உலை

அம்சம் கோழிகளைக் கூண்டில் அடைத்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மணி ஐந்து இருக்கும். காலையிலிருந்து விட்டு விட்டு மழை. வயலில் தேங்கிய தண்ணீரை வடிய விடுவதற்கு மண்வெட்டியோடு போன புருஷன் ரெத்தினம் இன்னும் திரும்பவில்லை. திரையில் மகள் பூவிழியின் முகம். ஜெர்மனியில் அப்போது மத்தியானம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் இன்று முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து, பக்கத்து அறையில் ஆள் இருப்பதுபோலக் குரலை அடக்கிப் பேசினாள்.

"அம்மா, எங்க வீட்டுக்கு யாரு வந்திருக்கா தெரியுமா?"

"யாருடி?"

"ராஜராஜன். நம்மூருப் பெரிய வீட்டு ராஜராஜன். பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்களோட ஹால்ல ஒக்காந்திருக்காரு."

அம்சம் கையிலிருந்த கோழியை விட்டுவிட்டாள். அது சிறகடித்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்கு ஓடியது.

"சின்னய்யான்னு சொல்லுடி."

"இங்க எல்லாருக்கும் பேருதாம்மா. என் மேனேஜரையே பேரச் சொல்லித்தான் கூப்புடுறேன்."

அம்சத்துக்கு ஏனோ அந்தக் கேள்விதான் முதலில் வாயில் வந்தது. "எந்த வாசல் வழியா வந்தாங்க?"

"இருக்கறதே ஒரு வாசல்தானம்மா! பெல் அடிச்சாங்க. செருப்பக் கழட்டிட்டு, உள்ள வரலாமான்னு கேட்டாங்க."

ராஜராஜன் அமெரிக்கா போய்ப் பதினெட்டு வருஷம். அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டார். பிள்ளைகளுக்குத் தமிழ் காதோடு சரி. இப்போது கம்பெனி அவரை ஜெர்மனிக்கு மாற்றியிருந்தது, அதுவும் பூவிழி வேலை பார்க்கும் ஊருக்குப் பக்கத்திலேயே. பத்து நாளைக்கு முன்னால் பெரிய வீட்டு அம்மா, மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அம்சத்தின் வீடு தேடி வந்தார். "ஒம் பொண்ணு நம்பர் குடு அம்சம். புது ஊரு, அவனுக்கு ஒருத்தரையும் தெரியாது" என்றார். அந்த வீட்டிலிருந்து இந்தத் தெருவுக்கு யாரும் நடந்து வந்து அம்சம் பார்த்ததில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தபோது ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டு, அடித்துத் திருத்தினாள்.

"எதுக்குடி வந்தாங்க, திடீர்னு?"

பூவிழி சிரிப்பை அடக்கினாள். "பசிம்மா. நேத்து முழுக்க சாமான் அடுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை கடைக்குப் போவலாம்னு இருந்திருக்காங்க. அமெரிக்காவுல கடைய என்னைக்கு மூடுறான்? இங்க ஞாயிறுன்னா எல்லாத்துக்கும் பூட்டு. கார எடுத்துக்கிட்டு மூணு கடைக்குப் போயிருக்காரு. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல, ஊர்ல ஏதோ கலவரம் போலன்னு அந்தம்மா பயந்துடுச்சாம். தொறந்திருந்த ஒரே ஹோட்டல்லயும் முன்னாடியே சொல்லி வைக்கலன்னா எடம் இல்லன்னுட்டானாம்."

"வேலைக்குப் போறவன் சாமான் வாங்கற நாளே ஞாயித்துக்கிழமதான். அன்னைக்கு மூடி வைக்கிற ஊரு என்னாடி ஊரு?"

"அதத்தான் அவரும் சொல்லிக்கிட்டு இருக்காரு. தண்ணியில ஐஸ் போட மாட்டேங்கறான், தண்ணிக்கே காசு வாங்குறான், அதுலயும் சோடாவக் குடுக்குறான். எல்லாம் கேட்டாச்சு." பூவிழி திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அம்மா, எங்கிட்ட ரொட்டி இருக்கு, சீஸ் இருக்கு, வெள்ளரிக்கா ஊறுகா இருக்கு. பலகையில அடுக்கி வச்சுடவா? இங்க அதான் வழக்கம். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

அம்சம் கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு, போனோடு வீட்டுக்குள் போனாள்.

இந்த ரொட்டிப் பலகையின் கதை அவளுக்குத் தெரியும். பூவிழி போன முதல் வருஷம், ராத்திரியில் அந்த ஊர்க்காரர்கள் அடுப்பே பற்ற வைப்பதில்லை, ஆறின ரொட்டிதான் சாப்பாடு, தானும் அதையே தின்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அம்சம் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. "இங்க மொதலாளியும் இதத்தாம்மா திங்கிறான்" என்று மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அது அம்சத்தின் காதில் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் உண்டு. சொல்கிறேன், கேளுங்கள்.

அம்சத்துக்கு அப்போது ஒன்பது வயது. அவளுடைய தாய் காத்தாயி பெரிய வீட்டில் மாட்டுக்கொட்டில் கூட்டிவிட்டு, கொல்லை வாசலில் மகளோடு நிற்பாள். எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. உள்ளே எல்லோரும் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு முடித்த பிறகு முந்தின நாள் சோறு வரும். ஏனத்தைக் கீழே வைத்துவிட்டு மூன்று எட்டுத் தள்ளி நிற்க வேண்டும். உயரத்திலிருந்து போடுவார்கள். மழைக்காலத்தில் அந்தச் சோறு ஈரக்களிமண்போல் விறைத்திருக்கும். பசிக்கு நல்லதுதான். ஆனால் அடுக்களையிலிருந்து கொதிக்கும் குழம்பின் வாசனையும் அதே வாசல் வழியாகத்தான் வரும். பூவிழி பிறந்த அன்று அம்சம் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டாள், இந்தப் பிள்ளை ஆறின சோறு தின்னாது என்று. நாற்று நட்டுவிட்டு விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பினாலும், முதுகு ஒடிந்தாலும், சேற்றுக் காலோடு உலை வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவாள்.

இப்போது ரொட்டி. ஆறினது. பலகையில் அடுக்கி, நாலு பேருக்கு முன்னால். அதில் ஒரு குற்றமும் கிடையாது. ஊர் வழக்கம் அது, யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அதுதான் அதிலுள்ள ருசி. அந்த ருசி அம்சத்தின் நாக்கில் ஒரு கணம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். பெரிய வீட்டுப் பிள்ளை ஆறின துண்டைக் கடித்து இழுப்பதை அவள் மனசுக்குள் கண்ணாரப் பார்த்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"ஒல வைடி."

"முக்கா மணி ஆவும்மா. பசியோட இருக்காங்க."

"ஆவட்டும். அந்த ரொட்டியில புள்ளைங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு துண்டு குடு. அதுங்க என்னா பண்ணுச்சு. பெரியவங்க காத்திருக்கட்டும். வூட்டுல என்னா இருக்கு?"

"அரிசி இருக்கு. முட்டை ஆறு, தக்காளி, வெங்காயம், நீ குடுத்தனுப்புன கொழம்புத்தூள்."

"முட்டைய ஒடச்சு ஊத்திக் கொழம்பு வை. சோறு கொதிக்கக் கொதிக்கப் போடணும். கை வச்சா சுடணும். வாய் வேவணும்."

"இது விருந்தா, பழி வாங்கறதாம்மா?"

"ரெண்டுந்தான். இன்னொண்ணு கேளு. நின்னுகிட்டுப் பரிமாறாத. போட்டுட்டு நீயும் அதே மேசையில ஒக்காந்து தின்னு."

பூவிழி போனைத் தூள் டப்பாவில் சாய்த்து வைத்தாள். அம்சம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். வெங்காயத்தைப் பொடிசாக நறுக்கச் சொன்னாள். புளி எங்கே என்று அதட்டினாள். குக்கர் வேண்டாம், வடித்த சோறாகவே இருக்கட்டும் என்றாள். கஞ்சி வடிக்கும்போது ஆவி எழுந்து படம் முழுக்க வெள்ளையாகிவிட, அம்சம் இங்கே தன் போனை முந்தானையால் துடைத்தாள்.

சமையலறையிலேயே இருந்த மேசையில் ஐந்து தட்டுகள். ராஜராஜன் கையை வைத்ததும் விரலை உதறினார், ஊதினார், மறுபடி வைத்தார். மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் மனைவி பிள்ளைகளுக்குச் சோற்றைத் தட்டின் ஓரமாகப் பரப்பி ஆற்றிக் கொடுத்தாள். இரண்டாவது தடவை சோறு வாங்கியபோதுதான் ராஜராஜன் போனைக் கவனித்தார்.

"யாரு, அம்சமா? நல்லா இருக்கியா?"

சொல்லிவிட்டு, எதிரில் அமர்ந்து பிசைந்துகொண்டிருந்த பூவிழியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லா இருக்கீங்களா?"

அம்சம் சட்டென்று எழுந்து நிற்கப் போனாள். முட்டியில் கை வைத்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நல்லா இருக்கேன். ஒங்க அம்மாவும் இங்க சொகமா இருக்காங்க. பேசறது இருக்கட்டும், சாப்புடுங்க. ஆறிடப் போவுது."

சாப்பிட்டு முடித்ததும் பூவிழி தட்டுகளை எடுக்கப் போனாள். ராஜராஜன் விடவில்லை. அமெரிக்காவில் அவர் வீட்டில் இதற்கெல்லாம் மெஷின் இருந்ததாம். இங்கே வந்திருக்கும் வீட்டில் அது இல்லையாம். "பழகிக்கணும்ல" என்று சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு ஐந்து தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்துப்போனார். மேலாக இருந்தது பூவிழியின் தட்டு. மகள் எச்சில் கையோடு நாற்காலியில் சாய்ந்து, சின்னப் பிள்ளையிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டுச் சிரித்தாள்.

"ஏங்க!" அம்சம் வாசல் பக்கம் பார்த்துக் கத்தினாள். "ஏங்க, சீக்கிரம் வாங்க!"

அப்போதுதான் மண்வெட்டியைச் சாத்திவிட்டு நிமிர்ந்த ரெத்தினம் என்னவோ ஏதோவென்று முழங்கால் சேற்றோடு உள்ளே ஓடிவந்தார். வீட்டுக்குள் சேறு வந்தால் அம்சம் சும்மா விடமாட்டாள். இன்று ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவர் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

"யாரு புள்ள அது, பாத்தரம் வெளக்குறது?"

"பேசாம பாருங்க."

குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் போனில் மழைபோலக் கேட்டது. ராஜராஜன் பூவிழியின் தட்டை முன்பக்கம் தேய்த்தார், திருப்பிப் பின்பக்கம் தேய்த்தார். குழம்புத்தூள் மஞ்சள் விளிம்பில் போகாமல் நின்றிருக்க வேண்டும். நகத்தால் சுரண்டி, மறுபடி அலசி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவர் முழங்கை வழியே இறங்கிக்கொண்டிருந்தது.