வந்த வாசலிலேயே வெளியேறவும்

ஆற்றங்கரைப் பூங்காவில் மேல்வாசல் வழியாக நுழைந்தவர்கள் கீழ்வாசல் வழியாக நுழைந்தவர்களை நம்புவதில்லை. கீழ்வாசல்காரர்களும் அப்படித்தான். அந்த மேட்டில் முன்னொரு காலத்தில் இரண்டு படைகள் மோதின. ஆற்றில் தண்ணீர் குடித்துக்கொள்ள ஒரு பகல் மட்டும் சண்டை வேண்டாம் என்று பேசிவைத்திருந்தபோது, யாரோ முதலில் வாளை உருவிவிட்டார்கள். கீழ்ப்படைதான் என்கிறது மேல்வாசல் பலகை. மேல்படைதான் என்கிறது கீழ்வாசல் பலகை. இதைத் தீர்த்துவைக்க வந்த சரித்திரப் பேராசிரியர்கள் இருவர், ஆளுக்கொரு வாசலில் நுழைந்து, அங்கிருக்கும் பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் சந்தித்து, எதிராளி கூலிக்கு வந்தவர் என்று முடிவுகட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். இதை எழுதுகிறவர் எந்த வாசல் என்று கேட்கிறவர்கள், அது தங்களுக்கு எதற்கு என்று முதலில் சொல்லட்டும்.

மற்றபடி நல்ல பூங்கா. நாணல் ஓரமாக ஒரு நடைபாதை, பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு மரக்கோபுரம், பீரங்கிமேல் ஏறிச் சறுக்கும் பிள்ளைகள். சந்தேகம் வாசலைத் தாண்டியதும் பிடிக்கும். அதே வாசலில் திரும்பினால் விட்டுவிடும். அதனால்தான் இரண்டு இடத்திலும் ‘வந்த வாசலிலேயே வெளியேறவும்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அவரவர் கடைசியாக நுழைந்த வாசல்தான் கணக்கு. குடும்பத்தோடு வருகிறவர்கள் சேர்ந்தே நுழைவார்கள். தனித்தனியாக வந்து மாட்டிக்கொண்டவர்கள் தூரத்துத் தூரத்து பெஞ்சுகளில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை மடியில் மறைத்துக்கொண்டு முறைத்துவிட்டு, வெளியே வந்து ஐஸ்கிரீம் வண்டியருகே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவரும், கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் அவர் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனார்கள். அவர் காரில் போனதால் மேல்வாசல். அவள் கடையிலிருந்து பஸ்ஸில் வந்ததால் கீழ்வாசல். வழக்கம்போல ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நாணல் பாதையில் நடந்தபோது மழை கொட்டியது, அவள் செருப்பு வார் அறுந்தது. கீழ்வாசல் வெகுதூரம். கார் மேல்வாசலில் நின்றது. மேல்வாசல் காவலர் வேறு யாருமல்ல, அவருடைய அண்ணன். அப்பா அம்மா போன பிறகு தம்பியை சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வளர்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளவே மறந்துபோனவர். வேறு யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார். “நம்ம வீட்டுப் பொண்ணுதானே, நனையாம வாம்மா” என்று கதவைத் திறந்துவிட்டார். அவளுக்கு வர இஷ்டமில்லைதான். ஆனால் வீட்டுச் சாவி கணவன் சட்டைப்பையில் இருந்தது; அதைக் கண்ணைவிட்டு அகலவிடக் கூடாது என்று அவர் பின்னாலேயே வெளியே வந்துவிட்டாள். சந்தேகமும் அவளோடு காரில் ஏறி வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகு அவள் தனக்குத் தனியாகச் சமைத்துக்கொண்டாள். கணவன் தொட்ட டம்ளரைத் தொடவில்லை. கடையிலிருந்து சோதனைக் கண்ணாடியைக் கொண்டுவந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் ஒட்டிய எழுத்துகளை வாசிக்கச் சொன்னாள். எல்லாவற்றையும் சரியாக வாசித்ததும், மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார் என்று கண்டுபிடித்தாள். வீட்டைவிட்டுப் போகவும் இல்லை. எதிரியைக் கண்ணெதிரில் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அக்காவிடம் போனில் சொன்னாள், அந்த அக்கா கடைசியாக எந்த வாசலில் நுழைந்தாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. அவள் அறையைவிட்டு எழுந்து போகும்போதெல்லாம் அவருடைய கால் தானாக, இல்லாத பிரேக்கை அழுத்தியது. பக்கத்திலேயே இருக்கிற மனைவிக்காக அவர் ஏங்கிப்போனார்.

வைத்தியம் சுலபம். சந்தேகத்தோடு வெளியே வந்த வாசலிலேயே, அதாவது மேல்வாசலில், மறுபடி நுழைந்து அதிலேயே திரும்பினால் போதும். அதைச் சொல்ல அண்ணனே நேரில் வந்தார்.

“அஞ்சு நிமிஷ வேலைம்மா. நான் பண்ணின தப்பு, நானே கூட்டிட்டுப் போறேன்.”

“அந்த வாசல்ல எனக்கு என்ன வச்சிருக்கீங்க மாமா?” என்றாள் அவள்.

நம்பிக்கை இல்லாதவளை நம்பிக்கை வைத்து வரச் சொன்னால் எப்படி வருவாள்? சொன்னவர்கள் எல்லோரையும் அவள் மேல்வாசல் கூட்டத்தில் சேர்த்தாள். வருடங்கள் போயின. அவருக்குக் காதோரம் நரைத்தது. அதுவும் வேஷம் என்று நினைத்து அவள் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்து அண்ணனிடம் போனார். அவள் இந்தப் பக்கம் வரமாட்டாள், அதனால் தாமே அந்தப் பக்கம் போவதாகச் சொன்னார்: கீழ்வாசலில் நுழைந்து மேல்வாசலில் வெளியேறுவது.

“அப்புறம் என்னை நம்ப மாட்டியேடா” என்றார் அண்ணன்.

“தெரியும்ணா.”

அண்ணன் பூட்டைத் துடைத்தார். அண்ணனும் அப்படியே நுழைந்து வந்துவிட்டால் என்ன என்று பின்னால் சிலர் கேட்டார்கள். கீழ்வாசல் மனத்தோடு மேல்வாசலில் நின்றால் ஊரில் ஒருவரையும் உள்ளே விடமாட்டார், பூங்காவை மூடவேண்டியதுதான். “சரி, வா. நான்தான் திறந்துவிடுவேன்” என்றார்.

மறுநாள் தம்பி கீழ்வாசலில் நுழைந்து, நாணல் பாதை முழுக்க நடந்து, பீரங்கியைத் தாண்டி, மேல்வாசலுக்கு வந்து சேர்ந்தார். அண்ணன் கதவைத் திறந்தார். தம்பி இரண்டடி தள்ளியே நின்றார். அவர் பார்வை அண்ணனின் கையில் இருந்தது.

“ஏன் இவ்வளவு அவசரமாத் திறக்கிற?”

அண்ணன் கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, சாவியைத் தரையில் போட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டியபடி தூரமாகப் போய் நின்றார். அதற்குப் பிறகுதான் தம்பி வெளியே வந்தார்.

வீட்டில் அவர் மணியடிப்பதற்கு முன்பே கதவுச் சங்கிலி விழும் சத்தம் கேட்டது.

“கீழ்வாசலா?”

“ஆமா.”

“பின்னாடி யாராவது வந்தாங்களா?”

“பார்த்துட்டுத்தான் வந்தேன்.”

அவள் அவரை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினாள். பிறகு தன்னுடைய டம்ளரில் அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு அழுதார், அவளும் அழுதாள். ஆனால் ஜன்னல் திரையை மூடிய பிறகுதான்.

இப்போது அவரிடம் கார் பழக வருகிறவர்கள் சீட்டில் உட்காருவதற்கு முன் தங்கள் வாசலைச் சொல்லவேண்டும். மேல்வாசல்காரர்களை அவர் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார். ஊர் இதற்குப் பழகிவிட்டது. அண்ணன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்து படியில் வைத்துவிட்டு, மணியை அழுத்திவிட்டு, எதிர்ச்சாரிக்குப் போய் நின்றுகொள்கிறார். திரை இடுக்கில் இரண்டு முகங்கள் தெரியும், அவள் தாடை அவர் தோளில் பதிந்திருக்கும். அப்புறம் ஒரு கை வந்து பையை உள்ளே இழுக்கும். பழத்தோலில் ஊசி குத்திய தடம் இருக்கிறதா என்று இருவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்கும்.

“நீங்க சாப்பிடாதீங்க. நான் முதல்ல தின்னு பார்க்கறேன்.”

“உனக்கு எதாவது ஆச்சுன்னா? வேண்டாம், குடு, நான்தான் முதல்ல.”

இந்தச் சண்டை முடியும்வரை அண்ணன் நின்று கேட்பார். பிறகு வாசல் திறக்க நேரமாகிவிட்டதென்று பஸ்ஸுக்கு நடப்பார். எந்தப் பழம் இனிப்பாக இருக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டுத்தான் வாங்குகிறார்.