உப்புத்தாள்

குமிழ்கள் வருகின்றன, ஒன்றன் பின் ஒன்றாக, நூலில் கோத்த மாதிரி, துணி அலசுகிற பேசினின் அடியிலிருந்து ஏறி மேலே வந்து உடைகின்றன, நான் பின்வாசலில் குந்தியிருந்து கறுப்பு டியூபை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருக்கிறேன், இது எத்தனையாவது பஞ்சர் என்று நினைவில்லை, இந்த வெயில் போன மாதத்து வெயிலா இன்றைய வெயிலா என்றும் சில நேரம் தெரிவதில்லை, குமிழைப் பார்க்கும்போதெல்லாம் டியூப் என்னிடம் எதையோ சொல்ல வாய் திறக்கிற மாதிரி இருக்கும், பேச வராத ஒருத்தியிடம் பேச வராத இன்னொன்று, அது என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரியாமல் ஓட்டை இருக்கும் இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

பஞ்சர் கடைக்கே கொண்டுபோயிருக்கலாம், தெருமுக்கில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே பெஞ்சில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், சக்கரம் கழன்று மாட்டப்படும்வரை நான் அவர்கள் முன்னால் நிற்க வேண்டும், யார் மகள் என்று ஒருவர் கேட்பார், லாரி டிரைவர் மகள் என்று இன்னொருவர் சொல்வார், அதற்குப் பயந்துதான் சாமான் வாங்கி நானே ஒட்டிக்கொள்வது என்று முடிவுசெய்து மார்க்கெட் பக்கம் சைக்கிள் சாமான் கடைக்குப் போனேன், பொன்வேல் அண்ணாச்சி என்னம்மா வேணும் என்றார், சொல்யூஷன் என்றேன், வேதியியல் வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே சொல்லாக, என்னது என்றார், சொல்யூஷன் என்றேன் இன்னும் மெதுவாக, பக்கத்தில் செயின் வாங்கிக்கொண்டிருந்த பெரியவர், சுலோச்சனா வேணுமாம் அண்ணாச்சி என்றார், அண்ணாச்சி முகம் மாறாமல், அவ வீட்டுல மீன் கழுவிக்கிட்டுல்லா இருக்கா, அவள எதுக்கும்மா கேக்க என்றார், அது அவர் மனைவி பெயர் என்று புரியவே எனக்குச் சற்று நேரம் ஆனது, டியூப் ஒட்டுறதுக்கு என்று இழுத்தேன், ஓ சுலோசன், அப்படிச் சொல்லும்மா, பயந்துட்டேன் என்று அவர் சிரித்தார், நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நல்லது வேணுமா மட்டம் போதுமா என்று கேட்டார், விலை குறைஞ்சதே போதும் என்றேன், அது ஒரு தடவ மூடியத் தொறந்தா மறுநா காஞ்சிரும் பாத்துக்கோ என்றார், ஒரு தடவைக்குத்தானே அண்ணாச்சி என்றேன், ஒரு தடவை என்றுதான் அப்போது நினைத்தேன். ஒட்டு போட, அட்டையில் வருகிற வட்ட வட்டமான ஒட்டு வேண்டாம், வீணாய்ப்போன லாரி டியூபில் கையளவு துண்டு போதும் என்று அவரே வெட்டிக் கொடுத்தார், அப்புறம் உப்புத்தாள், வழவழன்னு இருக்கிற எடத்துல ஒட்டு நிக்காது, தேய்ச்சு சொரசொரன்னு ஆக்கிட்டுத்தான் பசை போடணும் என்று ஒரு துண்டைக் கிழித்துக் கையில் வைத்தார்.

உப்புத்தாளை விரல்களுக்கு இடையில் பிடித்ததும் நாக்கின் நுனி எரிந்தது, ஏழு வயதில் எரிந்த அதே இடத்தில், அப்பா உப்பு லாரி ஓட்டுகிறார், அவர் சட்டையில் உப்பு, அவர் கொண்டுவரும் மிக்சர் பொட்டலத்தில்கூட உப்புக்கல் இருக்கும், அப்படியென்றால் உப்புத்தாளும் உப்பில் செய்ததாகத்தானே இருக்க வேண்டும், அதை நக்கிப் பார்த்தேன், அப்பாவுக்கு மஞ்சள்காமாலை என்று வண்டிக்குப் போகாமல் வீட்டில் இருந்த மாதம் அது, அம்மா கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள், அப்பா குடிக்காமல் வைத்துவிட்டு ஜன்னல் கம்பிகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பார், துரு எல்லாம் போய்க் கம்பி பளபளத்த பிறகும் தேய்த்துக்கொண்டிருக்கிறார், நான் நாக்கை நீட்டி அழுதபோது அப்பா சிரிக்கவில்லை, என் முகத்தைப் பிடித்துக்கொண்டு வலிக்கா, வலிக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அவர் கண்களை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன், வெள்ளையாக இருந்தன.

உப்பாலையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது அம்மா எந்த வழியா போவ என்று மட்டும் கேட்டாள், பள்ளியில் கொடுத்த சைக்கிள் இருந்தது, அந்தப் பக்கம் பஸ் இல்லை, ஹார்பர் ரோட்டில் லாரிகளோடு கொஞ்ச தூரம் போய் உப்பளத்துக்குள் திரும்ப வேண்டும், உப்பில் அயோடின் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை, குடுவையில் அடர்நீலம், பியூரெட் குழாயிலிருந்து துளி துளியாக விட விட நீலம் வெளிறிக்கொண்டே வந்து ஒரே ஒரு துளியில் சட்டென்று மறைந்துவிடும், அந்தத் துளிக்காக மூச்சை அடக்கிக் காத்திருப்பேன், நான் வாய் திறக்கவே தேவையில்லாத வேலை, ஆனால் நான் எழுதிக்கொடுக்கும் எண்ணுக்காக வெளியே மூட்டைகள் காத்திருக்கும், என் வாழ்க்கையில் யாரும் எதுவும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

பிறகு பஞ்சர் வர ஆரம்பித்தது, ராத்திரி நன்றாக இருக்கும் டயர் விடிந்ததும் தரையோடு படிந்திருக்கும், ஒட்டிவிட்டுப் போய்ச் சேர வெயில் ஏறிவிடும், வேலிக்காத்தான் முள் என்றுதான் நினைத்தேன், டயரின் உள்பக்கம் விரலை ஓட்டித் தேடினால் முள் அகப்படாது, விழுந்திருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன், ஓட்டையும் தரை படும் பக்கத்தில் இருக்காது, பக்கவாட்டில் இருக்கும், மட்டமான சுலோசன், பழைய டியூப், என் கைக்குப் பழக்கம் போதாது, இப்படி ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன், அண்ணாச்சி கடையில் மறுபடி போய் நின்றால், சுலோச்சனா வந்தாச்சா என்று அவரே எடுத்து நீட்டுவார், பரிசோதனைக்கூடத்துக்குப் பொறுப்பான லூர்து சார் சத்தம் போடவில்லை, சாம்பிள் எல்லாம் கெடக்கும்மா, இன்னொரு தடவ லேட்டுன்னா நான் வேற பிள்ளைய பாத்துக்கிடுவேன், தப்பா நினைக்காத என்றார்.

நேற்று சாயங்காலமே குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தேன், அமுங்கியது, டியூபைக் கழற்றிக் காற்றடித்து மடியில் வைத்துக்கொண்டு பேசினில் தண்ணீர் நிரம்பக் காத்திருந்தேன், அம்மா உள்ளேயிருந்து வந்து பக்கத்தில் குந்தினாள், சீக்கிரம் முடிட்டி, தோசை ஆறுது, இந்தா இங்கதான் என்று டியூபின் ஓரிடத்தில் விரலை வைத்தாள், வைத்த விரலை எடுக்காமல் இருந்தாள், டியூப் இன்னும் தண்ணீரைத் தொடவே இல்லை.

நான் டியூபை மெதுவாக உள்ளே இறக்கினேன், அம்மாவின் கையும் கூடவே இறங்கியது, வளையலில் கோத்திருந்த ஊக்குகள் தண்ணீருக்குள் சாய்ந்தன, அவள் விரலுக்கு அடியிலிருந்து குமிழ்கள் கிளம்பி நகத்தைச் சுற்றிக்கொண்டு மேலே வந்தன, நான் அவளைப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை, இருவரும் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கண்ணாடியில தெரியலையாம்டி என்றாள் அம்மா. எது என்றேன். சைக்கிள்ல வந்த பிள்ள, ஒங்கப்பா வண்டிக்கு இடது பக்கம், திருப்புறப்ப கண்ணாடியில தெரியவே இல்லையாம், உசுருக்கு ஒண்ணுமில்ல, காலுதான், பள்ளிக்கூடத்துப் பிள்ள, வீட்டுக்கு வந்து ஒக்காந்தவரு ஒரு மாசம் வண்டிப் பக்கமே போகல, ஒங்கிட்ட மஞ்சக்காமாலைன்னு சொன்னோம், நீ தெனம் அந்த ரோட்டுல ஏறிப் போற, நான் இங்க ஒல வச்சுக்கிட்டு எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் கைய ஒதறிட்டு வாசலுக்கு ஓடுதேன், பயமா இருக்குன்னு அவருகிட்டச் சொன்னா அவரு மறுபடி வண்டியில ஏறமாட்டாரு, நான் என்னட்டி செய்ய.

ஜன்னல் கம்பி பளபளத்தது, துரு இல்லாத கம்பியை யாரோ தேய்த்துக்கொண்டே இருந்தார்கள், வலிக்கா, வலிக்கா, அப்பா கேட்டது என்னை இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது, எனக்கு அழுகை வந்தது, அழுதால் அவள் ஜெயித்துவிடுவாள் என்றும் தோன்றியது, தொண்டைக்குள் சொற்கள் வரிசையாக ஏறி ஏறி உடைந்தன, கடைசியில் ஒன்று வெளியே வந்தது, நாளைக்கு நான் போகணும்மா. போகணும்மா என்றேன் இன்னொரு முறை, என் குரல் பின்சுவர் வரை போய் வந்தது, எனக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

டியூபைத் துடைத்து, உப்புத்தாளை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன், தேய்ம்மா. அவள் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள், பிறகு தேய்த்தாள், ரப்பர் தூள் உதிர உதிர, நிறுத்தாமல், போதும்மா என்று நான் கையைப் பிடிக்கும்வரை தேய்த்தாள், சுலோசன் தடவிக் காயவிட்டோம், ஒட்டை வைத்து அவளே கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், உள்ளே தோசை ஆறிப்போயிருந்தது.

காலையில் டயர் கல் மாதிரி நிற்கிறது, செருப்பை மாட்டுகிறேன், அம்மா ஓடி வருகிறாள், நில்லுட்டி, ஷால் சக்கரத்துல மாட்டிக்கிடும், வளையலிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிப் பல்லில் கடித்துத் திறக்கிறாள், முனையில் இன்னும் ரப்பரின் கறுப்பு ஒட்டியிருக்கிறது, இருவரும் அதைப் பார்க்கிறோம், அவள் அதைத் தன் சேலையில் துடைத்துவிட்டு என் தோளில் ஷாலை மடித்துக் குத்துகிறாள், தோலில் படாமல் உள்ளே விரலை அணை கொடுத்து, ஓரமாவே போ, திருப்பத்துல எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ என்கிறாள், சரிம்மா என்கிறேன், சத்தமாக, சைக்கிளை எடுக்கும்போது பின்வாசல் வழியாகப் பேசின் தெரிகிறது, நேற்றைய தண்ணீர், ஒரு குமிழ்கூட இல்லாமல், அதில் வானம் அப்படியே இருக்கிறது, அம்மாவின் விரல் இன்னும் என் தோளில் இருக்கிறது, நான் பெடலை மிதித்த பிறகுதான் அவள் மூச்சை விடுகிற சத்தம் கேட்கிறது.