இரண்டு வெள்ளைப் புள்ளிகள்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு ரப்பர் குழாயின் கிழிசலில். நியாயமாகப் பார்த்தால் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

2

‘மழை கொட்டிய மாலையில் அந்த என்ஜின்...’ (வேண்டாம். வெயில் மண்டையைப் பிளந்தது.)

ஞாயிறு மதியம் என் மனைவியின் கார் நின்ற இடத்திலேயே உதறியது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் ஊருக்கு வெளியே ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துநராகச் சேர வேண்டும். பதினோரு நேர்காணலுக்குப் பிறகு கிடைத்த வேலை. அங்கே பஸ் போகாது. மெக்கானிக்குக்கு விடுமுறை.

“நான் பாத்துக்கறேன்” என்றேன்.

என்ஜினை ஓடவிட்டு, காற்று உள்ளே போகும் குழாய்களில் கிளீனரைப் பீய்ச்சினேன். ஓரிடத்தில் பட்டதும் உதறல் அடங்கியது. கிழிசலை மருந்து ஒரு நொடி அடைத்திருக்கிறது; காற்றுக் கசிவு! கிழிந்த நுனியை வெட்டி மாட்டினேன். வண்டி சமர்த்தாக ஓடியது.

3

ஒரு குழாயை வைத்து யார் கதை எழுதுவது? [இந்த வரியை அடித்துவிடப் பார்த்தேன். ஆனால் எல்லா வினையும் இதில்தான் தொடங்கியது.]

‘கேம் டைமிங்கும், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரக்கணக்கும், தப்பியிருக்குமோ’ என்று எனக்கு நானே பயம் காட்டிக்கொண்டு என்ஜின் பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு பல் வைத்த பெல்ட். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அதுதான். கேம் சக்கரம் நின்ற இடத்தில் வொயிட்னரால் ஒரு புள்ளி வைத்தேன். கோணலாக விழுந்தது. இரண்டு பல் தள்ளி அழகாக இன்னொன்று வைத்தேன். முதலாவதைத் துடைக்கவில்லை. வரைவுகளை அழிக்காத பழக்கம் எனக்கு.

பெல்ட்டை உருவியதும் சக்கரம் ‘டக்’கென்று தானாகத் திரும்பிக்கொண்டது.

4

“எதுங்க சரியான புள்ளி?” என்று எட்டிப் பார்த்தாள் மனைவி.

“ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.”

“நல்லா இருக்கான்னு நான் கேக்கல.”

அழகான புள்ளிக்கே பெல்ட்டை மாட்டினேன். வெட்கமாக இருந்தது.

முடிவு அ: சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்புகிறது, அவள் சிரிக்கிறாள்.

முடிவு ஆ: வால்வு வளைகிறது; நான் அவளைத் தள்ளுவண்டியில்...

என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தவள் இரண்டையும் பேனாவால் அடித்தாள்.

“கதைக்காகவா என் வண்டியப் பிரிச்சீங்க? சாவியத் தொடாதீங்க. முதல்ல என்ஜினக் கையால ரெண்டு சுத்து சுத்திப் பாருங்க.”

5

ஸ்பேனரால் முதல் சுற்று போய்விட்டது. இரண்டாவதில் பாதியில் நிற்கிறேன். இதற்கு மேல் சுற்றினால் நான் நிச்சயம் எதையாவது அழகுபடுத்திவிடுவேன்.

இந்தாருங்கள், ஸ்பேனரை நீங்கள் பிடியுங்கள். மெதுவாக. உள்ளே எங்காவது வால்வு தட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், கோணல் புள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம். எனக்காக இல்லை. எட்டு மணிக்கு அவள் போயாக வேண்டும்.