ஐந்தாம் கம்பிக்கு ஓர் அங்குலம்

...ஓர் அங்குலம்தானே, ஓர் அங்குலத்தில் என்ன குடியா மூழ்கிவிடப் போகிறது என்று நதீஷா இடது கைச் சுண்டுவிரலை நீட்டிப் பார்த்தாள், எட்டவில்லை, மறுபடி நீட்டினாள், எட்டியது, ஆனால் மணிக்கட்டுக்குள் பழைய நோவு மெல்லத் தலைகாட்டியது. தோளில் தொங்குவது கறுப்பு நிற பேஸ் கிட்டார், ஐந்து கம்பி, நீளக் கழுத்து. பக்கத்தில் சாத்தி வைத்திருப்பதும் ஐந்து கம்பிதான், கழுத்து ஓர் அங்குலம் குட்டை, மரநிறம், அவளுடைய கையை அளவெடுத்துச் செய்தது போல அடக்கமாக இருந்தது... எதை எடுப்பது? வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்த மாடிக் கடை, சனிக்கிழமைப் பின்னேரம், கீழே பஸ்காரன் கோட்டைக்கு ஆள் கூப்பிட்டுக் கொட்டுவ கொட்டுவ என்று கத்துவது கண்ணாடியைத் தாண்டி வருகிறது. எதிரே அம்ப்ளிபயர் ஒன்றின் மேல் குந்தியிருந்து சாரங்கன் அவளுடைய விரல்களையே பார்க்கிறான். அவர்களுடைய இசைக்குழுவின் முதல் கிட்டார்காரன், பொதுக்காசு அவன் பையில்தான் இருக்கிறது, அதைக் கடைக்காரரிடம் நீட்டுவதற்கு முன் அவள் சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டியது கிட்டாரைப் பற்றியதல்ல. விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் மெல்பேர்ன், அண்ணன் ரெனால்ட் அறைகூட ஒழித்து வைத்துவிட்டான், இந்தக் கிட்டார் முதன்முதலாக மேடையேறும் அன்றைக்கு அவள் இந்த நாட்டிலேயே இருக்கமாட்டாள்... இதைச் சொல்வதற்கு எத்தனை சந்தர்ப்பம், எல்லாவற்றையும் கோட்டைவிட்டுவிட்டு இப்போது கடைக்குள் வந்து நின்று முழிக்கிறாள்.

ஐந்தாவது கம்பி எதற்கு, நாலு போதாதா மகள் என்று கோயில் பாதர்கூடக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைப் பாட்டுக்கு நாலே அதிகம் பாதர், எங்கள் பாட்டுக்குத்தான் போதாது... கிட்டார்காரர் இரண்டு பேரும் ஏழு கம்பிக்கு மாறியதிலிருந்து பாட்டெல்லாம் பாதாளத்தில் இறங்கிவிட்டது, அவளும் தன் பழைய நாலு கம்பியின் அடிக்கம்பியைத் தளர்த்தித் தளர்த்தி ஈடுகொடுத்துப் பார்த்தாள், அது அவிந்த நூடில்ஸ் மாதிரித் தொங்கியதுதான் மிச்சம். அதுவும் ‘துறைமுகம்’ பாட்டு. அதன் பேஸ் முழுக்க அவளுடையது, கொட்டாஞ்சேனை வீட்டு யன்னலால் வரும் சத்தத்திலிருந்து பிடித்தது, கிரேன் கொள்கலனை இறக்கி வைக்கும்போது வருகிற அந்தத் தொம், காதுக்கு வருமுன் கட்டில் காலுக்கு வந்துவிடும். ஏழும் ஐந்துமாக மாறி மாறி ஓடுகிற கணக்கு, டிரம்ஸ்காரன் தலையைச் சொறிந்தான், சின்ன வயதில் மிருதங்கம் படித்த சாரங்கன்தான் தொடையில் தகிட தகதிமி, தக தகிட என்று தட்டிக்காட்டி எல்லாரையும் கரை சேர்த்தான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சந்தோஷம்...

“வாசிச்சுப் பாத்தாத்தானே தெரியும்,” என்றான் சாரங்கன். “அவசரமில்லை.”

வாசித்தாள். முதலில் குட்டை. விரல் தானாக ஓடியது, நோவில்லை, எல்லாம் சுகம், ஆனால் ஐந்தாவது கம்பியில் கைவைத்ததும் போர்வைக்குள் இருந்து யாரோ பேசுவது போல மொழுமொழுவென்று... கம்பிக்கு இழுவை போதவில்லை. பிறகு நீளம். அதே சுரம், தொம். கடையின் பலகைத் தரையில் ஏறி, செருப்புக்குள்ளால் வந்து, முழங்காலில் நின்றது. ஓர் அங்குலம் செய்கிற வேலை. பாட்டுக்கு எது என்று இதற்குப் பிறகும் கேட்கிறவன் செவிடன். ஆனால் நீளத்தை எடு என்று அவள் எந்த வாயால் சொல்வாள், அவளுடைய கை தாங்காது என்று சாரங்கனுக்குத் தெரியும், ஒத்திகை முடிந்து அவள் மணிக்கட்டில் ஐஸ் வைத்திருந்ததைப் பார்த்தவன், நீளத்தைச் சொன்னால் உடனே பிடித்துவிடுவான், இது வேறு யாருடைய கைக்கோ என்று. குட்டையைச் சொல்லலாம். சொன்னால் இரகசியம் தப்பும், பாட்டு செத்துப்போகும். யாருடைய கை? வேறு யார், நிரோஷன்தான், ஹோட்டல் கல்யாணங்களில் பைலா வாசிக்கிறவன், முருங்கைக்காய் விரல்காரன், அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் என் துறைமுகத்தை வாசிப்பானா? அந்தத் தொம் அவனுக்கு எங்கே இருந்து வரும், அவன் வீடு கடலே தெரியாத நுகேகொடையில்... அவளுக்குப் பொறாமையாக இருந்தது, கேவலமான, பச்சைப் பொறாமை. போகிறவள் நீ, பிறகென்ன?

“நங்கி, ஏக ஹொந்தய்,” என்றார் கடைக்காரர், குட்டையைக் காட்டி, அது நல்லது தங்கச்சி என்று. நங்கியின் கையைப் பார்த்துத்தான் அவரும் சொல்கிறார். இந்த ஊரில் ஒருத்தியை எத்தனை விதமாகக் கூப்பிடுகிறார்கள்... கடையில் நங்கி, வேலை செய்யும் கந்தோரில் மிஸ், வீட்டில் மகள், கோபம் வந்தால் அடியே. சாரங்கன் மட்டும் நீர். முதல் ஒத்திகையில், “நீர் நல்லா வாசிக்கிறீர்,” என்று அவன் சொன்னபோது தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். யாழ்ப்பாணத்து வீடுகளில் சமவயதுக்காரரை அப்படித்தான் சொல்வார்களாம், நீ என்றால் மரியாதை மட்டு, நீங்கள் என்றால் தூரம், நீர் நடுவில். அவளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும், கொட்டாஞ்சேனையில் அந்தச் சொல் ஜெபத்தில்தான் வரும், ஆண்டவரிடமும் மாதாவிடமும்தான் நீர் என்று கதைப்பது. அம்மாவிடம் சொன்னபோது பேர்ணடெற் அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள், உன்னை மாதா சுரூபக்கூட்டில ஏத்தி வச்சிட்டானா அந்தப் பையன் என்று. பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டுமா, அந்தச் சொல்லுக்காகவே அவள் வியாழக்கிழமை ஒத்திகைகளுக்குப் பஸ் ஏறினாள் என்றுகூடச் சொல்லலாம். பாரும், கேளும், இன்னொருக்கா வாசியும்... காதல் கீதல் ஒன்றுமில்லை, அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணப் பேச்சு நடக்கிறது, அவளுக்கும் அதில் வருத்தமில்லை. அந்தச் சொல்லுக்குள் நிற்கும்போது மட்டும் அவள் ஒருத்தருடைய மகளோ தங்கச்சியோ அல்ல, ஒரு வாத்தியக்காரி. அவ்வளவுதான். அவ்வளவுதானா?

சொல்லிவிடு. இப்போதே. சாரங்கன், ஒரு விசயம்... இல்லை, கடைக்காரர் நிற்கிறார். கீழே இறங்கித் தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லலாம். அதற்குள் காசு கொடுத்தாகிவிடுமே. அம்மாவிடம் மூச்சு விடாதீங்க என்று எத்தனை தரம் கெஞ்சினாள். “நான் யாருக்குடி சொல்லப்போறேன், அந்தோனியாருக்கு மட்டும்தான்,” என்றாள் அம்மா. அந்தோனியாருக்கு நேர்த்தி, விசா வந்தால் கொச்சிக்கடைக் கோயில் வாசலில் வருகிறவர்களுக்குப் பனிஸ் ரொட்டி கொடுப்பதாக. வந்தது, இந்தச் செவ்வாய்க்கிழமை அம்மா கூடை நிறைய பனிஸ் கொண்டுபோனாள், வெறுங்கூடையும் சிரித்த முகமுமாகத் திரும்பி வந்தாள். அந்தோனியார் வாய் திறக்கமாட்டார்... கடலோரம் ரயில் ஒன்று போனது, அடிக்கம்பி தொடாமலே லேசாக அதிர்ந்தது, அவள் உள்ளங்கையால் அதை அமத்தினாள். தொடங்கினாள். துறைமுகம், முழுதாக, ஏழு, ஐந்து, ஏழு, மணிக்கட்டு எரிந்தது, எரியட்டும், சுண்டுவிரல் ஓரிடத்தில் வழுக்கியது, அதை அவன் பார்த்தான், பார்த்ததை அவளும் பார்த்தாள். கடைசித் தொம் பலகைத் தரைக்குள் இறங்கி அடங்கியது.

“நீளமானதுதான்,” என்றாள். “அஞ்சாவது கம்பி இதுலதான் நிக்குது.”

வந்துவிட்டது வாயில். இனிக் கேட்பான், உம்முடைய கை என்ன மாதிரி என்று, கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம், கேட்கட்டும், கடவுளே, கேட்கட்டும்...

“ஓம்,” என்றான் சாரங்கன். எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினான். “நீங்கள் கழட்டித் தாங்கோ, நான் பிடிக்கிறன்.”

நீங்கள். தாங்கோ. அவள் பட்டியில் கைவைத்தவள் அப்படியே நின்றாள். நீர், தாரும் அல்லவா? கடைக்காரருக்கு முன்னால் என்று மரியாதையா, அந்த மனிதருக்குத் தமிழே தெரியாதே... நினைவில் பின்னோக்கி ஓடினாள். வாசிச்சுப் பாத்தாத்தானே தெரியும், வாசித்துப் பாரும் என்று சொல்லவில்லை. கீழே படியில், மேல போவமா என்றான். வியாழக்கிழமை ஒத்திகையில்? இன்னொருக்காப் போவம், இன்னொருக்காப் போவம் என்று எல்லாருக்கும் பொதுவாக... ஒரு நீர்கூட இல்லை. வியாழனுக்கு முன்னால் என்ன, புதன், செவ்வாய். செவ்வாய். அவனுடைய அம்மா நாகேஸ்வரி அன்ரி, கதிரேசன் கோயிலையும் விடமாட்டா, செவ்வாய்க்கிழமை அந்தோனியாரையும் விடமாட்டா, போன வருடம் எங்கள் நிகழ்ச்சியில் அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து முழு நேரமும் காதைப் பொத்திக்கொண்டிருந்தா. பனிஸை வாங்கியவர், எதுக்கு நேர்த்தி என்று கேட்காமலா வாங்குவார்? அம்மா சொல்லாமலா கொடுப்பாள்?

அப்படியென்றால் தெரிந்துதான் கூட்டிவந்தான். எது நல்லது என்று அவளைக் கொண்டே தெரிவுசெய்ய வைத்தானா, அவள் வாயால் வரட்டும் என்று காத்திருந்தானா, கோபமா, இல்லை, இதுதான் அவன் தருகிற பிரியாவிடையா? முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை, விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி அன்பாகத்தான் இருந்தது. அந்தச் சொல்லை இன்னொரு தரம் காதால் கேட்டுவிடலாம் என்று, “யாரு வீட்டுக்குக் கொண்டுபோறது?” என்றாள். நீரே கொண்டுபோம் என்று சொல்லு... அவன் யோசித்தான். “என்ர வீட்டில இருக்கட்டும்,” என்றான். கைகள் இன்னும் நீட்டியபடி இருந்தன. அவள் பட்டியைக் கழற்றத் தொடங்கினாள், கொக்கி ஏனோ வரவில்லை. மெல்பேர்னில் நீர் என்கிற அந்தச் சொல் ஒன்றுதான் மிஞ்சும், அதையும் அவள்தான் சொல்ல வேண்டும், இரவு ஜெபத்தில், பதில் பேசாத ஒருத்தரிடம்.